கட்டாயக் கடற்காற்று

மனிதகுலத்தின் சகல துயரங்களுக்கும் கடற்காற்று போதாமையே காரணம் என்ற பேருண்மையைக் கண்டறிந்தவர் எங்கள் மேலாளர். தண்ணீர்க் குழாய் விற்கும் கம்பெனியில் இப்படி ஒரு ஞானி வந்து உட்கார்ந்தது நாங்கள் செய்த பாக்கியம். விற்பனை சரிந்தபோது அவர் குழாயைக் குறை சொல்லவில்லை. எங்கள் முகங்களைக் குறை சொன்னார்.

"வெயிலே படாத மூஞ்சிங்க. பார்த்தா எவன் வாங்குவான்?"

ஆகவே, வருஷம் முழுக்க வெயில் காயும் ஒரு கடற்கரை நகரத்தில் மூன்று நாள் 'புத்துணர்ச்சி முகாம்'. "விருப்பமுள்ள அனைவரும் கட்டாயம் வர வேண்டும்" என்றது சுற்றறிக்கை. வராதவர்கள் அடுத்த மாதம் முதல் வீட்டிலிருந்தே நிரந்தரமாகப் புத்துணர்ச்சி பெறலாம் என்று வாய்மொழியாக ஒரு சலுகையும் உண்டு.

தபால் பிரிவு அக்கா மட்டும் மேலாளர் அறைக்குள் போய் நின்றார். துணைக்குப் பக்கத்து மேசைக்காரனான நான்.

"சார், பொண்ணுக்குத் தலைப்பிரசவம். இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கா. மாப்பிள்ளை ஒண்டி ஆளு. லீவு வேணும் சார்."

"அதுக்குத்தாம்மா கடலே! இவ்வளவு டென்ஷனோட போய் நின்னா, பொண்ணுக்கும் தொத்திக்காதா?"

மருத்துவ உலகம் இன்னும் இந்த உயரத்தை எட்டவில்லை. அக்கா பஸ் ஏறினார்.

கடற்கரையில் இறங்கியதும் சிரிப்புப் பயிற்சியாளர் ஒருவர் துணிப்பையோடு வந்து எங்கள் போன்களையெல்லாம் வாங்கிக்கொண்டார். அதற்குப் பெயர் 'கைபேசி விரதம்'.

"தம்பி, மாப்பிள்ளை கூப்பிடுவாரு. இது ஒண்ணு மட்டும் இருக்கட்டுமே" என்று கெஞ்சினார் அக்கா.

"அந்தப் பற்றைத்தான் மேடம் விடணும்" என்று பிடுங்கிப் பையில் போட்டார் அவர். மேலாளரின் போன் மட்டும் விரதத்திலிருந்து விலக்குப் பெற்றது. தலைமைக்கு ஏது ஓய்வு? அவர் பெரிய குடை நிழலில் சாய்ந்து, போனையே பார்த்தபடி எங்களுக்காக உழைத்தார்.

நாங்கள் வெயிலில் கயிறு இழுத்தோம். பிரிவுவாரியாக மணல் வீடு கட்டினோம். கணக்குப் பிரிவின் வீடு விற்பனைப் பிரிவின் வீட்டைவிட உயர்ந்துவிட்டதால் விளக்கம் கேட்கப்பட்டது. அலையில் கால் நனைக்க மட்டும் அனுமதியில்லை; நனைந்தால் கம்பெனி பொறுப்பாகாது. கடலுக்கு வந்து கடலைத் தொடாமல் திரும்பும் இந்தக் கட்டுப்பாடு எத்தனை கம்பெனிகளுக்கு வாய்க்கும்?

அடுத்து சிரிப்பு. "கடலைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிங்க!" என்று விசில் ஊதினார் பயிற்சியாளர். எல்லோரும் ஹாஹா என்றோம். அக்காவும் வாயைத் திறந்தார். கண்ணிலிருந்து கரகரவென்று நீர் கொட்டியது.

"பாருங்க, பாருங்க! இதுதான் ஆழ்மனச் சிரிப்பு!" என்று பயிற்சியாளர் அக்கா தலையில் ஒரு பரிசுத் தொப்பியைக் கவிழ்த்தார். எல்லோரும் கை தட்டினார்கள்; நானும் தட்டினேன்.

பொழுது சாயும் நேரத்தில் மேலாளர் குடையை விட்டு எழுந்து ஓடி வந்தார்.

"பொறந்துடுச்சு! பொறந்துடுச்சு!"

அக்கா மணலிலிருந்து துள்ளி எழுந்தார். "என்ன குழந்தை சார்?"

"ஆறு குட்டி! எங்க வீட்டு நாய்க்கு! காலைலேர்ந்து வீடியோல கூடவே இருந்தேன்."

இந்த நற்செய்தியை முன்னிட்டு எங்கள் விரதம் முடித்துவைக்கப்பட்டது. அக்கா துணிப்பையிலிருந்து தன் போனைத் தேடி எடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"அத்தை, எங்க போயிட்டீங்க? எத்தனை தடவை கூப்பிட்டேன்! பேத்தி பொறந்திருக்கா. உங்க பொண்ணு பிரசவ ரூமுக்குள்ள போற வரைக்கும் 'அம்மா வந்துட்டாங்களா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலாளரிடம் போனார். "சார், பேத்தி பொறந்துட்டா. இப்பவாவது கிளம்பட்டுமா?"

"அதான் பொறந்துடுச்சேம்மா, இனிமே நீங்க போய் என்ன பண்ணப்போறீங்க? நாளைக்குப் படகுப் போட்டி இருக்கு." சொல்லிக்கொண்டே அவர் தன் பெட்டியை இழுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

"நீங்க எங்க சார் கிளம்பிட்டீங்க?" என்றேன்.

"வீட்டுக்குத்தான். பச்ச உடம்புக்காரிப்பா. வீட்டு மனுஷங்க ஒருத்தர் பக்கத்துல இருக்க வேண்டாமா?"

நாயைத்தான் சொன்னார்.