இருமலுக்கு ஓர் அறை

பெரிய மச்சானுக்கு அன்போடும் மரியாதையோடும் எழுதுவது.

நான் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய்யில் தொடங்கும் கடிதம் உருப்படாது என்பதால் அதை விட்டுவிடுகிறேன். உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும், இதைப் படித்ததும் எழுந்து நடமாடத்தான் போகிறீர்கள்.

விஷயம் உங்கள் மருமகளைப் பற்றியது. எனக்கு மகள்தான் என்றாலும், இந்த ஒரு விஷயத்தில் அவளை உங்கள் பக்கம் தள்ளிவிடுகிறேன். ‘அம்மா’ என்று பெயர் வைத்துக் கண்காட்சி நடத்துகிறேன், வாங்கப்பா என்றாள். எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தங்கை இருந்தவரை, கேமராவைக் கண்டால் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று ஓடிவிடுவாள், சொந்தக்காரர்கள் எல்லார் வீட்டுக் கல்யாண ஆல்பத்திலும் அவள் முதுகுதான் இருக்கிறது, முகம் இருப்பது அடையாள அட்டையில் மட்டும், அதுவும் தும்மப் போகிற மாதிரி. அவள் போய் ஒரு வருஷமாகப் போகிறது. இப்போதெல்லாம் கண்ணை மூடினால் எனக்கு அந்தத் தும்மல் முகம்தான் வருகிறது. மகள் ஓவியம் படித்தவள், நல்ல முகமாக வரைந்து வைத்திருப்பாள், பார்த்து மீட்டுக்கொள்ளலாம் என்று இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன்.

முதல் அறையில் ஒரு நாற்காலி. நம் வீட்டுக் கால் ஆடுகிற நாற்காலிதான். அதைக் காணோம் என்று கீழ்வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டு அவரோடு பேச்சையே நிறுத்தியிருக்கிறேன். இரண்டாவது அறையில் சுவரில் ஓர் ஆணி மட்டும். படம் கீழே விழுந்துவிட்டதா என்று காவலாளியிடம் கேட்டேன். “ஆணிதான் சார் படம்” என்றார். தீப்பிடித்த கிடங்குகளுக்கு இழப்பீடு மதிப்பிட்டே ஓய்வு பெற்றவன் நான். எரிந்த கிடங்கில்கூட இதைவிட அதிகம் மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது அறை இருட்டு. கால் வைத்ததும் உங்கள் தங்கை இருமினாள். டாக்டருக்கு அனுப்புவதற்காக மகள் போனில் பதிவு செய்த இருமல் அது என்பது பிறகுதான் புரிந்தது. அந்த நேரத்தில் என் கால் என்னைக் கேட்கவில்லை. நேரே வெளியே வந்து, காபி விற்கிறவரிடம் வெந்நீர் வாங்கி, வாய் பொறுக்கும் சூடா என்று பார்த்து, டம்ளரோடு உள்ளே ஓடினேன். ஓடிய பிறகு அதை யாரிடம் நீட்டுவது என்று தெரியவில்லை. இருமல் ஓய்ந்தது, மறுபடி தொடங்கியது, நான் டம்ளரோடு நின்றுகொண்டே இருந்தேன். சுற்றி இருந்தவர்கள் என்னையும் கண்காட்சியில் சேர்த்துவிட்டார்கள். ஓர் அம்மாள் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பெரியவர் ரொம்ப இயல்பாக இருக்கிறார் என்று கணவரிடம் சொன்னார். அவர் போட்டோ எடுத்தார்.

மகள் ஓடி வந்தாள்.

“முகம் எங்கேடி?” என்று கேட்டேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

“வரைஞ்சு வரைஞ்சு பாத்தேன்ப்பா. வர மாட்டேங்குது. இருமல்தான் அப்படியே ஞாபகம் இருக்கு.”

இதற்கு நீ படித்திருக்கவே வேண்டாம் என்று சொல்லி, டம்ளரை அவள் கையில் திணித்துவிட்டு வந்துவிட்டேன். வாசலில் திரும்பிப் பார்த்தபோது அந்த வெந்நீரை அவள்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஏமாந்துபோய் வந்தேன் மச்சான். தாய்மாமன் சொன்னால் கேட்பாள், அந்த மூன்றாவது அறையையாவது மூடச் சொல்லுங்கள். ஒருத்தி மூச்சு முட்டித் தவித்ததைக் கைகட்டி நின்று கேட்டுவிட்டு, அப்படியே காபி குடிக்கப் போகிறார்களே, இது என்ன நியாயம்? நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். உங்களால் தாங்க முடியாது.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசி. யார் இருமினாலும் உடனே டாக்டரிடம் காட்டவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: இதை எழுதி வைத்துவிட்டு இன்னும் தபாலில் போடவில்லை. தினமும் சாயங்காலம் அங்கேதான் போகிறேன். காபிக்காரர் கொடுக்கும் வெந்நீர் ஆறிவிடுகிறது என்பதால் வீட்டு பிளாஸ்கையே எடுத்துப் போகிறேன். என் சொந்த நாற்காலியில் உட்காரக் காவலாளி விடமாட்டேன் என்கிறார், அதனால் நின்றபடியே கேட்கிறேன். நேற்றுத்தான் கடைசிவரை கேட்டேன். இருமி முடித்து, மூச்சு வாங்கி, “போதும், நீங்க போய்ப் படுங்க” என்று அன்றைக்குப் பக்கத்தில் நின்ற என்னிடம் சொல்கிறாள். முகம் வந்துவிட்டது மச்சான், தும்மாத முகம். இந்த மாதத்தோடு மூடிவிடுகிறார்களாம். இன்னும் கொஞ்ச நாள் நீட்டச் சொல்லி மருமகளிடம் நீங்கள் கேளுங்கள். திட்டிவிட்டு வந்த எனக்குக் கேட்க வாயில்லை.