முணுமுணுப்புக்கு மறுப்பு

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கு நலம். அங்கு நலமா என்று போனில் கேட்டால் "என்ன?" என்பாய், ஆகவே காகிதத்தில் கேட்கிறேன்.

போன ஞாயிறு மதியம் சமைத்து, இரண்டு தட்டு வைத்து, உனக்காகக் காத்திருந்தேன். நீ வரவில்லை. மறுநாள் கேட்டால், "வரச் சொன்னீங்களா அத்தான்? வாய்க்குள்ளயே முணுமுணுக்கிறீங்க, நான் என்னத்தக் கண்டேன்? சும்மா சரி சரின்னு சொல்லிவெச்சேன்" என்கிறாய். முப்பத்தோரு வருடம் பேருந்து நிலையத்தில் மைக் முன் உட்கார்ந்து அறிவிப்புச் செய்தவனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா இது? என் குரலை நம்பி ஊரே பஸ் ஏறியிருக்கிறது.

நான் விடவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன்தான். ஆனாலும் நூலகத்துக்கு நடந்துபோய்ப் பெரிய அகராதியை எடுத்துப் பிரித்தேன். முணுமுணுத்தல் என்றால் வாய்க்குள் தெளிவில்லாமல் பேசுதலாம்; ஒலிக்குறிப்பிலிருந்து வந்த சொல்லாம். யார் காதில் விழுந்த ஒலி? பேசுகிறவனுக்குத் தன் பேச்சு முழுசாகத்தானே கேட்கும்! அந்தச் சொல்லை உண்டாக்கினவன் கதவுக்கு வெளியே நின்றவன். உள்ளே வந்து விஷயம் என்னவென்று கேட்கச் சோம்பல்பட்டவன். இதை நூலகர் அம்மாவிடம் விளக்கினேன். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க ஐயா" என்றார். நூலகத்தில்!

உன் அக்காவுக்கும் இதே பல்லவிதான். நிலையத்தில் எதையும் இரண்டு தடவை சொல்வது வழக்கம். அது வீட்டுக்கும் தொற்றிக்கொண்டது. முதல் தடவை சொன்னதும் அடுப்படியிலிருந்து "என்ன?" என்பாள். இரண்டாம் தடவை சொல்வேன். "மைக் இல்லாட்டி உங்க வாய்க்கு மரியாதையே இல்ல" என்பாள். நாற்பது வருடம் நான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போதும் "டீ போடப்போறேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, சற்று நிறுத்தித்தான் மறுதடவை சொல்கிறேன். நடுவில் அந்த "என்ன?" வருவதில்லை. எட்டு மாதமாகிறது.

ஆகவே குற்றம் உன் காதில். உன் பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்கள் காதாவது நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தெளிவாகப் பேசும் அத்தான்

பின்குறிப்பு: உனக்கு அத்தாட்சியாக அனுப்பலாமென்று இந்தக் கடிதத்தை உரக்கப் படித்து செல்போனில் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டேன். மூன்று தடவை கேட்டேன். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. உன் அக்கா சொன்னதுதான் சரி. இனி அவளிடம் சொல்ல முடியாது, உன்னிடம் சொல்கிறேன். வருகிற ஞாயிறு சாப்பிட வா. எதிரில் உட்கார்ந்து "என்ன?" என்று கேள். மறுபடியும் அறிவிக்கிறேன்: வருகிற ஞாயிறு வா.