நூற்றெட்டுக் கடலையில் ஒன்பது

இந்தப் புனே நகரத்திலேயே நான் வயிறெரிந்து பொறாமைப்பட்ட ஒரே மனிதர், கோட்டுப் பையில் வேர்க்கடலையோடு திரிந்தவர். சிஞ்ச்வட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். எல்லாருக்கும் அவர் 'ஷேங்தாணா', மராத்தியில் வேர்க்கடலை. ரிப்போர்ட்டோடு கடலையும் தருவார். கொழுப்பு கூடியவருக்கு மட்டும் எண்ணி மூன்று.

தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் குடியிருப்புச் சொசைட்டியில் நடந்த ரத்தப் பரிசோதனை முகாமில் என் மனைவிக்கு 'பாசிட்டிவ்' என்று வந்தது. பெயரைச் சொல்லவே நாக்கு கூசும் நோய். அடுத்த பரிசோதனைக்குப் பத்து நாள். அவள் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். நான் கவிஞனாயிற்றே, மழை, வேர், விடியல் என்று கையிருப்பை எல்லாம் கொட்டினேன்.

"கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?" என்றாள்.

மூன்றாம் நாள் ஷேங்தாணாவிடம் கூட்டிப்போனேன்.

"டெஸ்ட்டு பத்துக்கு ஒம்பது சரியாச் சொல்லுமாமே அண்ணே. அப்ப எனக்குப் பத்துல ஒம்பது பங்கு நோய்தானே?"

"அரே, தலைகீழாப் பிடிச்சிருக்கியேம்மா! ஆயிரம் பேர்னு வை. நோய் பத்துப் பேருக்கு. அதுல ஒம்பதை டெஸ்ட்டு பிடிச்சிரும். மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பேர் நல்லாயிருக்காங்க. அதுலயும் பத்துல ஒருத்தரைச் சும்மா பிடிக்கும், போலீஸ்காரன் மாதிரி. தொண்ணூத்தொம்பது. ஆக மொத்தம் பிடிபட்டது நூத்தெட்டு. நீ அந்தக் கூட்டத்துல ஒருத்தி."

நூற்றெட்டுக் கடலையை எண்ணி, ஒன்பதுக்கு மட்டும் தோலுரித்து, டப்பாவில் போட்டுக் குலுக்கினார்.

"கண்ணை மூடி எடு."

தோலோடு வந்தது. மறுபடியும் தோலோடு. ஐந்தாவது, உரித்தது. அவள் முகம் செத்துப்போயிற்று. அவர் அதைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"இதுவும் வரும்மா. வராதுன்னு நான் சொல்லலை. பன்னெண்டுல ஒண்ணு. அதுக்குத்தான் ரெண்டாவது டெஸ்ட்டு. அதுவரைக்கும் பட்டினி கிடன்னு எந்த ரிப்போர்ட்ல எழுதியிருக்கு?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே மீதிக் கடலையைக் கை கையாக அள்ளித் தின்றாள். என் கவிதை எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. பக்கத்தில் நின்று நான் வெந்தேன்.

இரண்டாவது பரிசோதனையில் ஒன்றுமில்லை. அவளைக் காப்பாற்றிய கடவுள் நானே என்பதுபோல் வீட்டுக்கு லட்டு வாங்கி வந்தேன். லட்டு டப்பாவை அவள் நேராக ஷேங்தாணாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்! அதன்பின் லோக்கல் ரயில் தாமதமானாலும், "ஆயிரம் ரயில்னு வைங்க" என்று ஆரம்பிப்பாள்.

பத்து வருடம் கழித்து எனக்கும் அப்படி ஒரு ரிப்போர்ட் வந்தது. ஷேங்தாணா போய்ச் சேர்ந்து அப்போது இரண்டு வருடம். மனைவியிடம் சொல்லாமல் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நூற்றெட்டு எண்ணி, ஒன்பதை உரித்தேன்.

பிறகு இன்னொன்றும் உரித்துத் தனியாக வைத்தேன், அவர் வாயில் போட்டுக்கொள்ள.