பதினொன்று நாற்பது வரை நான் தனியாள்

அன்புள்ள மார்லிஸ் அக்காவுக்கு,

தங்கை ஜனெல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே விஸ்கான்சினில் நானும் மகள் பிரிட்டாவும் முழங்கால் அளவு பனியும் சுகம். அங்கே அரிசோனா வெயிலில் நீங்களும் அத்தானும் மருத்துவர் வைத்த புது முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய போர்வை வந்து சேர்ந்தது. அழகாக இருக்கிறது.

சனிக்கிழமை என் கல்யாணத்தில் மணப்பெண் தேவாலயத்தின் அடித்தளத்துக்கு ஓடி ஒளிந்துகொண்டாள் என்று நம் தேவாலயத்து ஆர்டிஸ் உங்களுக்குப் போன் செய்திருக்கிறாள். நான் ஓடவில்லை, நடந்துதான் போனேன். ஒளியவும் இல்லை. காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில்தான் நின்றேன், அங்கேதான் இணையம் கிடைக்கும். அதன் கடவுச்சொல்லைக் கொடுத்ததே ஆர்டிஸ்தான், அதைச் சொன்னாளா தெரியவில்லை.

எல்லாம் பிரிட்டாவின் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பத்தால் வந்தது. உதவி கிடைத்தால் மண்ணியல் படிக்கப் போவாள், கிடைக்காவிட்டால் பாலாடைக்கட்டி ஆலையில் பெட்டி ஒட்டுவாள், நடுவில் வேறு வழியில்லை. விண்ணப்பத்தில் பெற்றோர் வருமானம் கேட்கிறார்கள். பெற்றவர் மறுமணம் செய்திருந்தால் புதுக் கணவரின் வருமானத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அதுவும் இந்த ஆண்டு வருமானம் இல்லை, இரண்டு ஆண்டுக்கு முந்தைய வரிக்கணக்கு. என் மாப்பிள்ளை மெர்ல் தன் மாடுகளையும் பண்ணையையும் மொத்தமாக விற்றது அந்த ஆண்டில்தான். விற்ற பணம் முழுவதும் வங்கிக்கே போய்விட்டது, கையில் மிஞ்சியது ஒரு டிராக்டரும் முதுகுவலியும். ஆனால் அந்த வரிக்கணக்கைப் பார்க்கிறவர்களுக்கு அவர் ஒரு எண்ணெய்க் கிணற்று முதலாளி.

ஆகவே நான் தனியாளாக இருக்கும்போதே கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடும் நேரத்தில் என்ன நிலையோ அதுதான் கணக்கு. நான் டிசம்பரிலேயே தொடங்கிவிட்டேன் அக்கா, என்னைத் தெரியுமே, எதையும் கடைசி நாளுக்கு வைக்கிற பழக்கம் எனக்கில்லை. ஆனால் என் அரசாங்க அட்டையில் இன்னும் ராய்ஸின் குடும்பப் பெயர்தான் இருக்கிறது, விவாகரத்தாகி ஒன்பது வருஷமாகியும் மாற்றவில்லை. நான் நம் அப்பா பெயரைப் போட்டேன், அப்படி ஒருத்தி உலகத்திலேயே இல்லை என்று பதில் வந்தது. பிறகு பிறப்புச் சான்றிதழ் அனுப்பு, ஓட்டுநர் உரிமம் அனுப்பு என்று ஏழு வாரம் போயிற்று. நான் இன்னார்தான் என்று அவர்கள் ஒப்புக்கொண்டது எப்போது தெரியுமா? சனிக்கிழமை காலை பத்து ஐம்பதுக்கு. கல்யாணம் பதினொன்றுக்கு.

பிரிட்டா கணினியோடு என்னை இழுத்துக்கொண்டு படி இறங்கினாள். அவள் வாய் சும்மா இருக்குமா?

"எனக்குப் பதினெட்டு ஆயிடுச்சு, ஓட்டுப் போடலாம். ஆனா இருபத்துநாலு வயசு வரைக்கும் நான் உன் கைக்குழந்தையாம்மா. நான் பட்டாளத்துல இருந்திருந்தா உன்னைக் கேக்கமாட்டாங்க. எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தாலும் கேக்கமாட்டாங்க."

"பேசாம தட்டு."

"மேல பாஸ்டர் ரெடி, கேக்கு ரெடி. நான் போய் நின்னுரட்டுமா? மாப்பிள்ளையை மட்டும் மாத்திக்கலாம்."

"பிரிட்டா."

"சரி, சரி. பெத்தவங்க பிரிஞ்சிருந்தா யாரோட விவரம்னு கேக்குது. போன வருஷம் யாரு அதிகமா..."

"நீ எங்க தூங்கற, என் வீட்டுலதானே? என் பேரைப் போடு. உங்க அண்ணனுக்கு நான்தான் நிரப்பினேன், எனக்கு விதி தெரியும்."

"அதில்லம்மா, இதுல வேற மாதிரி..."

"மணி பதினொன்னேகால்."

போட்டாள். அடுத்து என் கைப்பேசிக்கு ஓர் எண் வரும், பத்து நிமிடத்துக்குள் அதைத் தட்ட வேண்டும் என்றது. கைப்பேசி என் கோட்டுப் பையில். கோட்டோ மேலே கோட்டு அறையில், இன்னும் நூற்றுப்பத்துக் கறுப்புக் கோட்டுகளோடு தொங்கிக்கொண்டிருந்தது. பிரிட்டா ஓடினாள். மேலே ஆர்கன்காரர் அதே பாட்டை ஐந்தாவது தடவை வாசித்துக்கொண்டிருந்தார். அப்போது மெர்ல் கழுத்துப்பட்டையைப் பிடித்தபடி மெல்லப் படியிறங்கி வந்தார். முகத்தைப் பார்க்க முடியவில்லை அக்கா.

"ஜனெல், மனசு மாறியிருந்தா சொல்லிடு. நான் போய்ச் சொல்லிக்கறேன். சாண்ட்விச்சாவது சாப்பிட்டுப் போகட்டும் எல்லாரும்."

விஷயத்தைச் சொன்னேன்.

"மாடுகளா?" என்றார். "வித்த பிறகும் என்னை விடலியா அதுங்க?"

"இன்னும் பத்து நிமிஷத்துக்கு நான் உங்களுக்கு யாருமில்லை. தள்ளி நில்லுங்க."

"அதுக்கென்ன, அம்பது வருஷமா அப்படித்தானே இருந்தோம்," என்று சொல்லிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு ஒரு கோப்பைக் காபியும் ஊற்றிக் கொடுத்தார். நான் யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை, ஆனால் அந்தக் காபிக்குப் பிறகு எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

கைப்பேசியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தது யார் என்றால் ராய்ஸ். ஆமாம், அழைத்திருந்தேன். நம் ஊரில் முன்னாள் கணவரை அழைக்காவிட்டால்தான் பேச்சு வரும். "எல்லாக் கோட்டுப் பையிலயும் கையை விட்டேன். இருமல் மிட்டாய் தட்டுப்பட்டுது, இதுதான்னு தெரிஞ்சுபோச்சு," என்றார். பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியதற்கு அன்றுதான் ஒரு பலன் கிடைத்தது. பதினொன்று முப்பத்தெட்டுக்குக் கையெழுத்திட்டேன், நாற்பதுக்குப் பாஸ்டர் முன்னால் நின்றேன். விவரம் அதற்குள் பரவிவிட்டிருந்தது. நான் சம்மதம் சொன்னதும் பின்வரிசையிலிருந்து யாரோ, "அனுப்பியாச்சா?" என்று கேட்டார்கள். பாஸ்டரே சிரித்துவிட்டார். ராய்ஸ் என் கேக்கில் மூன்று துண்டு சாப்பிட்டு, அதைச் செய்த டானாவை விட்டு நகராமல் புகழ்ந்துகொண்டிருந்தார். அக்கா, இத்தனை சந்தோஷமாக நான் எந்த விண்ணப்பத்தையும் நிரப்பியதில்லை. எதையும் முழுதாகப் படித்து, ஒழுங்காகச் செய்தால் வீண் போகாது என்பதை ஆர்டிஸுக்கும் சொல்லுங்கள்.

அத்தானுக்கு என் வணக்கம். முழங்காலை மடக்கிப் பழகுங்கள், வலித்தாலும் விடாதீர்கள். உங்கள் இருவர் ஆசியும் எங்கள் மூவருக்கும் வேண்டும்.

உங்கள் அன்புத் தங்கை,
ஜனெல்

பி.கு.: உறை ஒட்டும் முன் கல்லூரி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பிள்ளை யார் வீட்டில் தூங்குகிறது என்பதெல்லாம் என் மூத்தவன் காலத்து விதியாம், மாறிவிட்டதாம். போன வருஷம் பிள்ளைக்கு யார் அதிகம் செலவழித்தாரோ அவர் விவரம்தான் வேண்டுமாம். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் பிரிட்டாவுக்கு ட்ரக் வாங்கிக் கொடுத்து, பல் சிகிச்சைக்கும் கட்டியது ராய்ஸ். ஆகவே என் கையெழுத்து செல்லாது, நான் தனியாளா இல்லையா என்பதில் அவர்களுக்கு அக்கறையும் இல்லை. ராய்ஸ்தான் கையெழுத்திட வேண்டும், அன்றைக்கு அவர் என்ன நிலையில் இருக்கிறாரோ அப்படி. உடனே அவருக்குப் போன் செய்தேன். கேக் செய்த டானாவுக்கும் அவருக்கும் நாளை மறுநாள் கல்யாணமாம். டானாவுக்கு மூன்று கடைகள். கணினியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன், மெர்ல் வண்டியைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறார்.