ஏழு பிழைகளுக்குக் குறையாமல்

மனித குலத்தின் வரலாற்றை இரண்டே பாகமாகப் பிரித்துவிடலாம்: எங்கள் கம்பெனியில் ப்ராம்ப்ட் செம்மையாக்கப் பிரிவு தொடங்கப்படுவதற்கு முன், தொடங்கப்பட்ட பின். பின்பாகத்துக்கு இப்போதைக்குப் பதினான்கு மாதம்தான் வயது. இருந்தாலும் முன்பாகத்தில் நெருப்பு, சக்கரம் போன்ற சில்லறைச் சமாசாரங்களைத் தவிரக் குறிப்பிடும்படி எதுவும் நடந்துவிடவில்லை என்பதை நடுநிலையாளர்கள் ஒப்புக்கொள்வார்கள். அந்தப் பிரிவின் தலைவன் என்ற முறையில் நான் ஒரு நடுநிலையாளன்.

ஆள் வந்தால் தானாகத் திறந்து, போனால் தானாக மூடிக்கொள்ளும் கண்ணாடிக் கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். கதவை யாரோ செய்கிறார்கள், கண்ணாடியை யாரோ செய்கிறார்கள். 'திற', 'மூடு' என்று கதவுக்குச் சொல்லும் எலெக்ட்ரானிக் போர்டு மட்டும் எங்களுடையது. போர்டு செய்யுமுன் அதன் சர்க்யூட்டைப் படமாக வரைய வேண்டும். எங்களிடம் வரைபவர்கள் இரண்டு பேர். ஒருவருக்குக் 'கொட்டாவி' என்று பட்டப்பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை. இன்னொருவர் என் மனைவி. வீட்டில் அவள் என்னை 'ஏங்க' என்பாள், ஆபீஸில் 'சார்' என்பாள். நான் வீட்டில் 'ஏம்மா' என்பேன், ஆபீஸில் 'மேடம்' என்பேன். இந்த ஏற்பாட்டில் வண்டி பதினோரு வருடம் குடை சாயாமல் ஓடியது.

இவர்கள் இருவரும் வரையும் படங்களைச் சரிபார்க்க ஏ.ஐ. ஒன்றை நிர்வாகம் வரவழைத்தது. அதை நாங்கள் மரியாதையாக 'நுண்ணறிவு' என்று அழைத்தோம். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தருவதுதான் ப்ராம்ப்ட். அந்தப் பொறுப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் பத்தொன்பது வருடம் சுற்றறிக்கை எழுதியவன். மின்சுற்றும் ஒரு சுற்று, சுற்றறிக்கையும் ஒரு சுற்று, விஷயத்தைச் சுற்றிப் போவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பது நிர்வாகத்தின் கணிப்பு. கணிப்பு பொய்க்கவில்லை.

முதல் நாள் என் மனைவியின் படத்தைத்தான் கொடுத்தோம். ப்ராம்ப்ட் ஒரே வரி: 'இந்தப் படத்தில் பிழை இருந்தால் சொல்.' நுண்ணறிவு நான்கு வினாடி யோசித்தது. 'பிழை எதுவும் இல்லை' என்றது.

எங்கள் டைரக்டர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். எந்தப் பேச்சையும் 'நம்ம இலக்கு என்ன?' என்று தொடங்குவதால் அவருக்கே 'இலக்கு' என்று பெயர்.

"என்னய்யா இது?"

"பிழை இல்லையாம் சார்."

"இல்லைன்னு சொல்றதுக்கு எதுக்கு நுண்ணறிவு? நம்ம ஸ்டோர்கீப்பரே எதைக் கேட்டாலும் இல்லைன்னுதானே சொல்றார்!"

"ஒருவேளை படம் சரியா இருக்கோ என்னவோ..."

"படம் சரியா இருக்கலாம். ப்ராம்ப்ட் சரியில்லை."

இந்தப் பொன்மொழியிலிருந்துதான் என் பிரிவு பிறந்தது.

இரண்டாம் வடிவத்தில், 'நீ முப்பது வருட அனுபவமுள்ள மூத்த பொறியாளர்' என்று சேர்த்தேன். 'கம்பெனி முத்திரை சற்றே சாய்ந்திருக்கிறது' என்று ஒரு பிழை கிடைத்தது. அனுபவம் பேசுகிறது என்று மகிழ்ந்தோம். ஐந்தாம் வடிவத்தில், 'நீ யாரையும் நம்பாதவர். காலையில் சாப்பிடவில்லை. உன் பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப்போயிருக்கிறது' என்று எழுதினேன். மூன்று பிழைகள் வந்தன. 'சாப்பிடவில்லை' போதுமா, 'பட்டினி' என்றே போட்டுவிடலாமா என்று விவாதிக்க இரண்டு கூட்டங்கள் நடந்தன. ஒன்பதாம் வடிவத்தில்தான் அந்த வரலாற்று வாக்கியத்தைச் சேர்த்தேன்: 'ஏழு பிழைகளுக்குக் குறையாமல் சொல்லவும்.'

ஏன் ஏழு? ஐந்து என்றால் சோம்பல், பத்து என்றால் பேராசை.

அதன்பின் நுண்ணறிவு ஒரு நாளும் வாக்குத் தவறவில்லை. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் ஏழு. என் மனைவியின் அடுத்த படத்தில் அது கண்டுபிடித்த நான்காவது பிழை: 'மூன்றாம் பக்கத்தைக் காணவில்லை.' படத்துக்கு இருந்ததே இரண்டு பக்கம். மூன்றாம் பக்கத்தைத் தேட மூவர் குழு அமைக்கப்பட்டது.

அன்று சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, இல்லாத மூணாம் பக்கத்தை நான் எங்கேருந்து கொண்டுவர?"

"எழுத்துல விளக்கம் குடும்மா."

"குடுத்தேனே. 'மூணாம் பக்கம் கிடையாது'ன்னு எழுதினேன். 'கிடையாது என்றால் ஏன் கிடையாது?'ன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"அது நான்தான்."

"தெரியும். கையெழுத்தைப் பார்த்தேன்."

இதற்கிடையில் கொட்டாவியின் நட்சத்திரம் உச்சத்துக்குப் போனது. அவர் படத்தில் இயற்கையாகவே பிழைகள் செழித்து வளரும். நுண்ணறிவு கேட்ட ஏழும் அங்கே நிஜமாகவே இருக்கும். அரை மணியில் ஏழையும் திருத்திவிட்டு அவர் மிச்ச நேரம் கொட்டாவி விடுவார். 'பிழை நீக்கத்தில் முதலிடம்' என்று நோட்டீஸ் போர்டில் அவர் போட்டோ ஏறியது. ஒழுங்காக வரைந்த என் மனைவி மட்டும் இல்லாத பிழைகளுக்கு விளக்கம் எழுதி விரல் தேய்ந்தாள். 'ஒத்துழைப்பு போதாது' என்று அவளுக்கு ஒரு மெமோவும் போனது. அந்த மெமோவின் தமிழ் நன்றாக இருந்ததாகப் பலர் பாராட்டினார்கள். அடக்கம் கருதி எழுதியவர் பெயரைச் சொல்லவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அவள் முகம் தெளிந்துவிட்டது. ஏழு பிழைகள் வரும், மதியச் சாப்பாட்டுக்குள் திருத்திவிடுவாள். எனக்கே ஆச்சரியம்.

"எப்படிம்மா திடீர்னு இவ்வளவு முன்னேற்றம்?"

"இல்லாத பிழையைத் திருத்த முடியாதுங்க. இருக்கிற பிழைன்னா சுலபம். அதனால படத்தை ஒழுங்கா வரைஞ்சு முடிச்சுட்டு, ஏழு பிழையை நானே வச்சுடறேன்."

"நீயே வைக்கிறியா?"

"பின்னே? வீடு தேடி வந்த விருந்தாளி பசிக்குதுன்னா நாமதானே பரிமாறணும்? ஆறு சின்னது. பேரை மாத்தி எழுதறது, நம்பரை மாத்தறது. ஒண்ணு மட்டும் கொஞ்சம் கனமா வைப்பேன். இல்லாட்டி சந்தேகம் வந்துடும் பாருங்க."

மாத அறிக்கையில், 'நுண்ணறிவின் வெற்றி விகிதம் நூற்றுக்கு நூறு' என்று எழுதினேன். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை.

ஆனால் பெரிய மனிதர்களுக்குத் திருப்தி ஏது? அறிக்கையைப் படித்துவிட்டு இலக்கு உதட்டைப் பிதுக்கினார். "எல்லாம் பளிச்சுன்னு கண்ணுல படற பிழையா இருக்கே. இதைச் சின்னக் குழந்தை கண்டுபிடிச்சுடும். ஆழம் வேணும்யா, ஆழம்!"

ஒரு புதன்கிழமை நாற்பத்தோராம் வடிவம் வெளியானது: 'பளிச்சென்று தெரியும் பிழைகளை விட்டுவிடவும். ஆழமானவற்றை மட்டும், ஏழுக்குக் குறையாமல் சொல்லவும்.' இதை வீட்டில் சொல்லவில்லை. ஆபீஸ் ரகசியத்தை வீட்டில் பேசுவதில்லை என்பது என் கொள்கை.

வியாழக்கிழமை, ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசல் கதவுக்கான படத்தை அவள் கொடுத்தாள். வழக்கம்போல் ஏழு பிழை வைத்துத்தான். நுண்ணறிவு மிக ஆழமாக இறங்கி வேறு ஏழைக் கொண்டுவந்தது. அவற்றில் ஒன்று: 'கதவு என்ற கருத்தே மறுபரிசீலனைக்கு உரியது.'

அன்று வீடு திரும்பியதும் அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏங்க, நான் வச்ச ஏழுல ஒண்ணுகூட உங்க லிஸ்ட்ல இல்லை."

"அப்படியா?"

"ஆறு போனா போகட்டும். ஏழாவது அப்படியில்லைங்க. 'திற' லைனையும் 'மூடு' லைனையும் மாத்திப் போட்டிருக்கேன். காலையில போனதும் சரி பண்ணிடறேன்."

"அவசரப்படாதே. நுண்ணறிவு சொல்லாததை நீ திருத்தினா, அது தவறவிட்டுதுன்னு ரெக்கார்டு ஆயிடும். பன்னிரண்டாம் நம்பர் ஃபாரம் குடு. ஃபாரம் பதிவானா படம் போர்டாகாம தானா நின்னுடும்."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு ஃபாரத்தை என் கையிலேயே கொடுத்தாள். அதைப் பதிவேட்டில் ஏற்றியிருந்தால் படம் நின்றிருக்கும். நூற்றுக்கு நூறும் நின்றிருக்கும். காலாண்டு அறிக்கைக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது. ஃபாரத்தை இழுப்பறையில் வைத்தேன். பூட்டவில்லை, ஒளிவுமறைவு எனக்குப் பிடிக்காது.

"சார், அந்த ஃபாரம்?" என்று இரண்டு முறை கேட்டாள்.

"பரிசீலனையில இருக்கு மேடம்."

ஃபாரம் பரிசீலனையில் இருந்தால் படம் நின்றிருக்கும் என்று அவள் நம்பினாள். படம் நின்றுவிட்டது என்றும் நான் சொல்லவில்லை, போய்க்கொண்டிருக்கிறது என்றும் சொல்லவில்லை. படம் போர்டானது. டெஸ்டிங் அறையில் கதவு கிடையாது, இரண்டு பல்புகள்தான். படத்தில் உள்ளபடி பல்பு எரிகிறதா என்று பார்ப்பார்கள். அச்சு அசலாக எரிந்தது. டிக் போட்டு அனுப்பினார்கள்.

மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இலக்கு, நான், என் மனைவி மூவரும் காரில் போனோம். வாசலில் கண்ணாடித் தூளை ஒருவர் பெருக்கிக்கொண்டிருந்தார். இரட்டைக் கதவில் ஒரு பாதி வெறும் சட்டமாக நின்றது. பக்கத்தில் வலது கையில் கட்டுப் போட்ட வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார். நீங்கதான் இந்தக் கதவோட ஆளுங்களா?" என்றார். "யாரும் இல்லைன்னா அது பாட்டுக்கு ஆன்னு திறந்து கிடக்குது. ஆளைக் கண்டா மூடிக்குது. ரெண்டு நாள் சமாளிச்சேன் சார். வர்றவங்களை எல்லாம், 'திரும்பிப் போற மாதிரி நாலடி நடங்க, திறந்ததும் ஓடி வந்துடுங்க'ன்னு சொல்லுவேன். காய்ச்சல்காரங்க நடந்தாங்க. கை உடைஞ்சவர் ஒருத்தர் ரொம்ப நல்லாவே நடிச்சார்."

"அப்புறம் எப்படி உடைஞ்சுது?" என்றார் இலக்கு.

"நேத்து ஒரு பொண்ணு பிரசவ வலியோட வந்துச்சு சார். அது எப்படிப் போற மாதிரி நடிக்கும்? நிக்கவே முடியலை. தீயணைக்கிற சிலிண்டரைத் தூக்கி அடிச்சுட்டேன். ஒன்பது தையல்."

"அந்தப் பொண்ணு?" என்றாள் என் மனைவி.

"உள்ளே போன பத்தாவது நிமிஷம் குழந்தை பொறந்துடுச்சும்மா. பெண் குழந்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அவள் ஏணி கேட்டாள். கதவுக்கு மேலே இருந்த பெட்டியைத் திறந்து, இரண்டு கம்பிகளைக் கழற்றி இடம் மாற்றி முடுக்கினாள். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். வாட்ச்மேன் எழுந்து போய் எதிரே நின்றார். மிச்சமிருந்த பாதிக் கதவு பணிவாக விலகியது.

"இப்பத்தான் இதுக்கு மரியாதை தெரியுது," என்றார்.

மறுநாள் விசாரணை. நீள மேஜை, தண்ணீர் ஜாடி, ஆறு நாற்காலி. நடவடிக்கைக் குறிப்பு எழுதும் பொறுப்பு எனக்கு.

"இந்தப் பிழையைப் போட்டது யாரு?" என்றார் இலக்கு.

"நான்தான் சார்," என்றாள் என் மனைவி. "நுண்ணறிவு கண்டுபிடிக்கறதுக்காகப் போட்டேன். அது கண்டுபிடிக்கலைன்னதும் ஃபாரம் குடுத்தேன்."

"யார்கிட்ட?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர் ஜாடியைப் பார்த்தாள். "செம்மையாக்கப் பிரிவுல."

இலக்கு என் பக்கம் திரும்பினார். "அப்படி ஒரு ஃபாரம் வந்துச்சா?"

"பார்க்கணும் சார்," என்றேன்.

பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ வாக்கியங்கள் எழுதியிருக்கிறேன். இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. இதில் பொய் இருக்கிறது என்று எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது. இலக்கு தலையாட்டினார். நான் பார்த்தேனா என்று அதன்பின் யாரும் கேட்கவில்லை. அவள் மட்டும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

'தெரிந்தே பிழை செய்தமைக்காக' அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த உத்தரவையும் நான்தான் எழுத வேண்டியிருந்தது. இரண்டு தெரு தள்ளி, லிஃப்ட் போர்டுகளைப் பழுது பார்க்கும் ஒரு சின்னப் பட்டறையில் அவள் சேர்ந்துவிட்டாள். "ஏன்மா அங்கேருந்து வந்துட்டீங்க?" என்று பட்டறைக்காரர் கேட்டாராம். "என்கிட்ட பிழை போதலையாம் அண்ணே," என்றாளாம். அவர் சிரித்து முடித்து டீ வாங்கிக் கொடுத்தாராம். இதை அவளே சொன்னாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

விசாரணை அறிக்கை எங்கள் புகழை எட்டுத் திக்கும் கொண்டுசென்றது. அந்தப் படத்திலும் நுண்ணறிவு தன் கடமைப்படி ஏழு ஆழமான பிழைகளைச் சொல்லியிருந்ததும், விபத்து முழுக்க முழுக்க 'மனிதத் தவறு' என்பதும் அதில் தெளிவாக இருந்தன. தொழிலதிபர்கள் சங்கம் ஒன்று எங்கள் பிரிவுக்குக் கேடயம் அறிவித்தது. விழாவுக்கு அவளையும் அழைத்துப் போனேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

நான் நாற்பது நிமிடம் பேசினேன். சரியாகக் கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் சரியான பதில் கிடைக்கும் என்றேன். மறைப்பதற்கு எதுவும் இல்லாத நிறுவனமே பிழையைத் தேடத் துணியும் என்றேன். உண்மையை உரிய நேரத்தில், உரிய இடத்தில், அச்சமின்றிச் சொல்லும் துணைவனை நாம் உருவாக்கிவிட்டோம் என்று முடித்தேன். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கொட்டாவிகூட விழித்திருந்து தட்டினார்.

காரில் திரும்பும்போது கேடயம் அவள் மடியில் இருந்தது. வழியெல்லாம் அதன் விளிம்பில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தாள். பொறுக்க முடியாமல் நானே கேட்டேன்.

"பேச்சு எப்படி இருந்துச்சும்மா?"

"நல்லா இருந்துச்சுங்க."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். நாப்பது நிமிஷம், ஒரு இடத்துலகூடத் தடுமாறலை." சீட்டு முழுசாக உரிந்து வந்தது. அதை உருட்டி ஜன்னலுக்கு வெளியே போட்டாள். "அன்னிக்கு அந்த ரூம்ல அரை நிமிஷம் பேசியிருந்தீங்கன்னா எனக்குப் போதுமா இருந்திருக்கும்."