நடுவருக்குச் சர்க்கரை

அன்று எங்கள் சபையில் போதகர் நோவாவின் பேழையைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். தண்ணீர் முழங்கால்வரை வந்தது. இடுப்புவரை வந்தது. அது மலையுச்சியைத் தொடுவதற்கு முன்பே எனக்குத் தாங்கவில்லை. எழுந்து வெளியே ஓடினேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவர் இன்னும் மழையை நிறுத்தவில்லை. மறுபடியும் ஓடினேன்.

அடுத்த தடவை எழுந்தபோது என் மனைவி வைலீன் காலை மடக்கி வழிவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. வைலீன் ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஏதோ கணக்குப் போடுகிறாள் என்று அர்த்தம். இது எனக்குக் கல்யாணமான பிறகு தெரிந்தது. முன்னாலேயே தெரிந்திருக்கலாம்.

கழிப்பறைக் கண்ணாடியைப் பார்த்து எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "டெல்மர், உனக்கு வந்துடுச்சுடா."

வந்தது என்றால் சர்க்கரை. எங்கள் ஜார்ஜியாப் பக்கத்தில் அந்த வியாதிக்கு வேறு பெயர் கிடையாது. டீயில் போடுவதும் சர்க்கரை, ரத்தத்தில் ஏறுவதும் சர்க்கரை, பெண்டாட்டி நல்ல மூடில் இருந்தால் புருஷனைக் கூப்பிடுவதும் சர்க்கரை. முதலாவது எனக்குத் தாராளமாகக் கிடைத்துவந்தது. கடைசியாகச் சொன்னது எப்போதாவது. நடுவில் இருப்பது மட்டும் வராமல் இருக்கவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் அறிகுறி எல்லாம் இருந்ததே. காலையிலிருந்து தாகம். ஜாடி நிறைய ஐஸ் போட்ட இனிப்பு டீ குடிப்பேன். கொஞ்ச நேரத்தில் நாக்கு அட்டை மாதிரி ஆகிவிடும். குடித்ததெல்லாம் உடனே வெளியே போகும். போனதும் மறுபடி தாகம். என் மாமா ஓரலுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் தாகம், பிறகு கால் மரத்தது, பிறகு கட்டைவிரல் போயிற்று, அப்புறம் பாதம். கடைசிக் காலத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, நாங்கள் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

பயம் ஒரு பக்கம் என்றால் சங்கடம் இன்னொரு பக்கம். வருகிற ஞாயிறு சபையின் ஆண்டு விழா விருந்து. விருந்தில் காப்ளர் போட்டி. பீச் பழத்தை வெண்ணெயிலும் சர்க்கரையிலும் மிதக்கவிட்டு, மேலே மாவால் மூடிச் சுடுவார்களே, அதுதான் காப்ளர். சபைப் பெண்கள் ஆளுக்கொரு தட்டோடு வருவார்கள். அத்தனையையும் ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் நடுவர், அடியேன். பீச் தோட்டத்தில் பழம் தரம் பிரிக்கும் மேஸ்திரி ஆயிற்றே, என் நாக்குக்கு ஊரில் ஒரு மரியாதை. வருஷம் பூராவும் என்னை ஒரு ஆளாக மதிக்காதவர்கள் அன்று மட்டும், "இன்னும் கொஞ்சம் எடுத்துக்கோங்க டெல்மர்" என்று பின்னாலேயே வருவார்கள்.

இதில் ஒரே ஒரு சட்டம். நடுவரின் மனைவி போட்டியில் சேரக்கூடாது. அதைப் பற்றி வைலீன் வருஷா வருஷம் பேசுவாள்.

"இந்தத் தடவையாவது அந்த நாற்காலிய வேற யாருக்காவது குடேன், டெல்மர்."

"ஊரோட நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கு வைலீன்."

"ஊரோட நம்பிக்கையா, உன்னோட வயிறா?"

"ரெண்டும் ஒரே இடத்துலதான் இருக்கு."

ஆகவே விஷயம் வைலீனுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் டீ போகும், நாற்காலி போகும். அவளுக்குத் தெரியாமல் நானே சோதித்துப் பார்த்துவிடுவது என்று ஒரு மகத்தான திட்டம் போட்டேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் நேராகப் பக்கத்து வீட்டு ஹாய்ட்டிடம் போனேன். அவனுக்கு அசல் சர்க்கரை. தினமும் விரலைக் குத்திப் பார்க்கிற மிஷின் வைத்திருக்கிறான்.

"ஹாய்ட், அந்தக் குத்துற மிஷினைக் கொஞ்சம் குடு."

"எதுக்கு?"

"சும்மா. எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கத்தான்."

"இது என்ன புல்லு வெட்டுற மிஷினா, வாங்கிட்டுப் போய் ஓட்டிப் பார்க்க? விரலை நீட்டு."

நீட்டினேன். குத்தினான். மிஷின் முந்நூற்று எண்பது என்றது. ஹாய்ட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தான்.

"டெல்மர், நீ உட்காந்துக்கோ."

"ஏன்?"

"எனக்கு இந்த நம்பர் வந்தப்போ என்னைத் தூக்கிட்டுத்தான் போனாங்க."

"வைலீனுக்குத் தெரியவேணாம் ஹாய்ட். உன் பொண்டாட்டிகிட்டயும் மூச்சு விடாதே."

"நானா? சேச்சே."

சமையலறையில் அவன் மனைவி லுவெட்டா பாத்திரம் துலக்கும் சத்தம் சட்டென்று நின்றது. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்தது. கவலை வந்தால் எனக்குப் பசி அதிகம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டிலில் எனக்குக் காலைவேளையில் ஒரு சின்ன வேலை உண்டு. விருந்துக்கென்று வைலீன் அங்கே உப்புக்கண்டம் தொங்கவிட்டிருந்தாள். அதில் மெல்லிசாகச் சீவி ரொட்டிக்குள் வைத்துத் தின்பது என் வழக்கம். மெல்லிசு என்பதால் அது திருட்டில் சேராது. ஒரு மாதமாக நடக்கிறது. அன்றும் தின்றுவிட்டு, சமையலறை ஜன்னலுக்குக் கீழே குனிந்தபடி திரும்பிக்கொண்டிருந்தேன். உள்ளே வைலீன் போனில் பேசுவது கேட்டது.

"பாதிக்கு மேல போயிடுச்சு லுவெட்டா. முட்டிவரைக்கும் வந்தாச்சு."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இனிமே விட்டுவைக்கக் கூடாது. காலை எடுத்துடறதுதான் நல்லது. இல்ல, சர்க்கரைகிட்ட இன்னும் சொல்லல. பாவம், மனசு உடைஞ்சுபோயிடும். ஹாய்ட்டைக் கத்திய நல்லாத் தீட்டி வைக்கச் சொல்லு."

ஹாய்ட் மரக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவனிடம் இருப்பது மீன் அறுக்கிற கத்தி. என் காலைத் தடவிப் பார்த்தேன். மரத்திருந்தது. குனிந்து உட்கார்ந்திருந்ததால் மரத்தது என்று இப்போது தோன்றுகிறது, அப்போது தோன்றவில்லை. அன்று தோட்டத்தில் நல்ல பழத்தையும் அழுகல் கூடையில் போட்டேன்.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் வைலீன் ஜாடியைத் தூக்கினாள்.

"டீ?"

"வேணாம்."

ஜாடியைக் கீழே வைத்தாள். "என்ன, உடம்பு சரியில்லையா?"

"எனக்கு எல்லாம் தெரியும் வைலீன். எனக்குச் சர்க்கரை. முந்நூத்தி எண்பது. காலை எடுக்கப் போறதும் தெரியும். எந்தக் காலுன்னு மட்டும் சொல்லிடு."

அவள் என்னையே பார்த்தாள். கையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. எனக்காக இப்படி அழுகிறாளே என்று கைக்குட்டையை நீட்டினேன்.

"இடதுன்னு நினைக்கிறேன்" என்றாள் கடைசியில்.

"சரி. வலது இருந்தாப் போதும், வண்டி ஓட்டலாம். ஆனா அந்த நடுவர் நாற்காலி எனக்கு வேணாம். நீயே போதகர்கிட்டச் சொல்லிடு."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா, சர்க்கரை?"

"ஒத்தக் காலோட நின்னு தீர்ப்புச் சொன்னா எடுபடாது."

நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் போனை எடுத்திருந்தாள். பேசிவிட்டு வந்து என் தலையைத் தடவினாள். "வியாழக்கிழமை கிளினிக்குக்குப் போறோம். மாட்டேன்னு சொல்லக்கூடாது."

டாக்டர் இருக்கிற தெருவில்கூட நடக்காதவன் நான். வருகிறேன் என்றேன்.

கிளினிக்கில் நர்ஸ் என் விரலைப் பிடித்தாள். மோந்து பார்த்தாள்.

"போய்க் கையைக் கழுவிட்டு வாங்க."

"சுத்தமாத்தானே இருக்கு."

"பீச் வாசனை வருது. சோப்புப் போட்டுக் கழுவுங்க."

கழுவினேன். குத்தினாள். தொண்ணூற்று நாலு. கையிலும் ரத்தம் எடுத்தார்கள். உள்ளே போய் வந்து, அதிலும் ஒன்றுமில்லை என்றார்கள்.

"அப்போ முந்நூத்தி எண்பது?"

"பழச்சாறு ஒட்டின விரலைக் குத்தினா பழத்தோட சர்க்கரையைத்தான் காட்டும். அது பீச்சுக்கு வந்த சர்க்கரை, உங்களுக்கு இல்ல."

"தாகம் எடுக்குதே."

"உப்பு ஏதாவது அதிகமாச் சாப்பிடறீங்களா?"

"இல்லை" என்றேன் நான். "ஆமா" என்றாள் வைலீன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. நர்ஸ் வைலீன் சொன்னதை எழுதிக்கொண்டாள்.

திரும்பும்போது வைலீன்தான் வண்டி ஓட்டினாள். எனக்கு இரண்டு காலும் இருந்தது. ஆனாலும் ஒன்று புரியவில்லை.

"அப்போ எடுக்கணும்னியே, அது எந்தக் காலு?"

"கொட்டில்ல தொங்கிச்சே, பன்னிக்காலு. உப்புக்கண்டம். ஒரு மாசமா நீ சீவித் தின்னதுல முட்டிவரைக்கும் போயிடுச்சு. மிச்சத்தையாவது விருந்துக்குக் காப்பாத்த வேணாமா? லுவெட்டா வீட்டு ஃப்ரிட்ஜுக்கு அனுப்பிட்டேன்."

"நான் ஜன்னலுக்கு அடியில இருந்தது உனக்குத் தெரியாதா?"

"நீ எவ்வளவு குனிஞ்சாலும் தொப்பி மேல தெரியுது டெல்மர்."

"தெரிஞ்சேவா பேசினே? ராத்திரியெல்லாம் நான் ஓரல் மாமாவ நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன், வைலீன்."

அவள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். குரல் இறங்கிவிட்டது. "நான் மட்டும் தூங்கினேனா? உப்புதான் காரணம்னு என் மனசு சொல்லிச்சு. ஆனா லுவெட்டா அந்த நம்பரைச் சொன்னதும் எனக்கும் பயம் வந்துடுச்சு. வா, டாக்டர்கிட்டப் போகலாம்னு கூப்பிட்டிருந்தா நீ வந்திருப்பியா?"

வந்திருக்கமாட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தில் பசியும் எடுத்தது.

"சரி, அதான் எனக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சே. ஞாயித்துக்கிழமை நான் நாற்காலில உட்காரலாமே."

வண்டியைக் கிளப்பினாள். "போதகர் ஏற்கெனவே நம்ம ஹாய்ட்டை நடுவராப் போட்டுட்டாரு."

"ஹாய்ட்டா? அவனுக்கு நிஜமாவே சர்க்கரை."

"அதனாலதான். ஆளுக்கு ஒரு கரண்டி நுனியோட நிறுத்திக்குவாரு. உன்னை மாதிரி தட்டையே காலி பண்ணமாட்டாரு."

கொஞ்ச தூரம் போனதும்தான் எனக்கு உறைத்தது. வருஷா வருஷம் போட்டியில் ஜெயிப்பது லுவெட்டா. ஹாய்ட் நடுவர் என்றால் லுவெட்டா போட்டியில் இல்லை. நான் நடுவர் இல்லை என்றால் வைலீன் போட்டியில் உண்டு.

"லுவெட்டா எப்படி இதுக்குச் சம்மதிச்சா?"

"புருஷனுக்கு இவ்வளவு பெரிய கௌரவம் தேடி வருது. எந்தப் பொண்டாட்டி வேணாம்னு சொல்லுவா?"

"நீ வருஷா வருஷம் சொன்னியே."

"உன்னை எனக்கு நல்லாத் தெரியும், சர்க்கரை."

ஞாயிற்றுக்கிழமை வைலீன் ஜெயித்தாள். ஹாய்ட் கரண்டி நுனியில் தொட்டு, கண்ணை மூடி, என்னைவிட நன்றாகவே நடித்தான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

ஜெயித்தவளின் புருஷன்தான் எல்லாத் தட்டுகளையும் கழுவவேண்டும் என்பது சபை வழக்கமாம். நடுவராக இருந்தவரை இது என் காதுக்கு எட்டவில்லை. இத்தனை வருஷம் ஹாய்ட் கழுவியிருக்கிறான், பாவம். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சமையற்கூடத்தில் நின்றேன். யாரும் பார்க்கவில்லை. ஒரு தட்டின் ஓரத்தில் தாராளமாக ஒட்டியிருந்ததைச் சுரண்டி வாயில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"எப்படி இருக்கு?" வைலீன் வாசலில் நின்றிருந்தாள்.

இப்போது நான் நடுவர் இல்லை, புருஷன். யோசிக்க ஒன்றுமில்லை. "அடாடா, வைலீன், பரிசு கொடுத்ததுல தப்பே இல்ல. இந்தப் பக்குவம் உன் ஒருத்தி கைக்குத்தான் வரும்."

வைலீன் என் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"என் தட்டுல கழுவறதுக்குக்கூட ஒண்ணும் மிச்சமில்ல, டெல்மர். நீ நக்கறது போட்டியில கடைசி இடத்துக்கு வந்தவளோட தட்டு."