அலுமினியச் சில்லடியார்

சிவனடியார் உண்டு, முருகனடியார் உண்டு. கண்டி மாநகரில் மூன்றாவதாக இன்னொரு வகையும் உண்டு என்பதை, அன்பரே, நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். அவர்தான் சில்லடியார். கார் வைத்திருப்பவர் எல்லாரும் சில்லடியார் ஆகிவிட முடியாது. கார் வைத்திருப்பவர் காரில் ஏறிப் போவார். சில்லடியார் காருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மஹய்யாவப் பக்கம் வந்தால் நானே காட்டுகிறேன். என் பக்கத்து வீட்டுச் சேதுராமன், மாநகர சபையில் கிளார்க். பழைய ஜப்பான் கார் ஒன்று வாங்கினார். அதன் சில்லுகளில், அதாவது சக்கரங்களில், பூச்சு அங்கங்கே உரிந்திருந்தது. உரிந்ததை மறுபடி பூசுவது உங்களையும் என்னையும் போன்றவர்களின் புத்தி. சேதுராமன் மிச்சத்தையும் உரித்தார். மூன்று மாதம் அரத்தாளால் தேய்த்து, நான்கையும் வெற்று அலுமினியமாக்கி, குனிந்து பார்த்தால் முகம் தெரியும் அளவுக்கு மினுக்கினார்.

பூச்சில்லாத அலுமினியத்தை எப்படிப் பராமரிப்பது என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம். ஒருநாள் மதிலுக்கு மேலால் "மழை வரும்போல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். வெயிலில் சூடாயிருக்கும் சில்லில் தண்ணீர் ஊற்றக் கூடாது, சவர்க்காரத் தண்ணீருக்கு ஒரு வாளி, நல்ல தண்ணீருக்கு இன்னொரு வாளி, முதல் துடைப்புக்குப் பழைய பனியன், இரண்டாவதற்கு வேட்டித் துண்டு, மினுக்கும் பசைக்குக் குழந்தைத் துணி, ஆணிக் குழிகளுக்குப் பல் துலக்கும் பிரஷ், பிரேக்கிலிருந்து உதிரும் கறுப்புத் தூள் ஒரு வாரம் தங்கினாலும் அலுமினியத்தை அரித்துவிடும், எல்லாம் முடிந்து ஈரம் காய்ந்த பிறகு மெழுகு, அதுவும் மெல்லிசாக, என்று முக்கால் மணி நேரம் நின்றபடியே கேட்டேன். அன்று மழை வரவில்லை. வந்திருந்தால் தப்பியிருப்பேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் தவறாமல் ஒன்று சொல்வார். "அலுமினியம் வாயில்லா ஜீவனுங்க. நாமதான் பாத்துக்கணும்."

அவருடைய மனைவி அன்னலட்சுமி குசினியிலிருந்து ஒரு நாள் சோற்றுச் சட்டியோடு வெளியே வந்தார். "இந்தச் சட்டியும் அலுமினியந்தாங்க. இருவது வருசமா சாம்பல் போட்டுத் தேய்க்கிறேன். ஒரு நாளாவது இது அழுது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். சேதுராமன் காதில் விழாததுபோல் மூன்றாவது சில்லுக்கு நகர்ந்தார்.

இப்படிப்பட்டவரிடம் போய்க் கல்யாணத்துக்குக் கார் கேட்கலாமா? கேட்டார்களே. எங்கள் தெருவில் அதைவிடப் பளபளப்பான கார் கிடையாது. எதிர்வீட்டுப் பாலாம்பிகையின் மகள் சீதாவுக்கு மாத்தளை மண்டபத்தில் கல்யாணம். காலை பத்து இருபதுக்குள் தாலி ஏற வேண்டும். பெண்ணின் அப்பாவும் உறவுக்காரர்களும் பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். பெண்ணும் தாயும் சேதுராமனின் காரில். வழித்துணைக்கு நான். காலில் அன்றைக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்துப் போட்டிருந்தேன். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும்போதே சிக்கல். பாலாம்பிகை முறைப்படி நான்கு எலுமிச்சம்பழங்களை நான்கு டயர்களுக்கு அடியில் வைத்தார். சேதுராமன் முகம் வெளுத்துப்போனார்.

"எலுமிச்சம்பழத்துல இருக்கிறது அசிட்டுங்க. சாறு தெறிச்சா அலுமினியம் பொரிஞ்சுபோகும்."

"திருஷ்டி கழிக்காம எப்படிங்க பொண்ண ஏத்துறது?"

சேதுராமன் யோசித்தார். நான்கு பழங்களையும் பொறுக்கினார். காரிலிருந்து பத்தடி தள்ளி வரிசையாக வைத்து, தானே வலது காலால் ஒவ்வொன்றாக மிதித்து நசுக்கினார். பிறகு செருப்பைக் கழுவிக்கொண்டு வந்து ஏறினார்.

"சில்லு மிதிக்கணும்ங்க, நீங்க இல்ல" என்றார் பாலாம்பிகை. கார் கிளம்பிவிட்டது.

கட்டுகஸ்தோட்டை தாண்டியதும் மழை பிடித்தது. எட்டே முக்காலுக்கு அக்குறணை. மலையில் கொட்டிய மழை ஆற்றில் பெருகி, வழக்கம்போலக் கடைத்தெருவுக்கு வந்திருந்தது. தேநீர் நிறத்தில் தண்ணீர். பஸ்கள் போயின, ஓட்டோக்கள்கூடப் போயின. சேதுராமன் தண்ணீருக்கு நாலடி முன்னால் காரை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்தார்.

பக்கத்து அரிசிக் கடையிலிருந்து முதலாளி நளீர் குடையோடு வந்தார். "என்தேன் நிப்பாட்டிட்டீங்க? தண்ணி கணுக்காலுக்குத்தான் ஈக்கிது. மெதுவாப் போனாப் போகலாமே."

"கணுக்கால் நமக்குங்க. சில்லுக்கு அது பாதி உசரம். மண்ணு, சேறு, கடையிலேருந்து கழுவிவர்ற உப்பு, சோடா, எல்லாம் கலந்திருக்கு. உங்ககிட்ட பெரிய பொலித்தீன் பை இருக்குங்களா?"

நளீர் அரிசிக் கடைக்காரர். பை இல்லாமல் இருக்குமா? கேட்டது எதற்கென்று தெரியாமலே நான்கு கொண்டுவந்து கொடுத்தார். சேதுராமன் மழையில் குந்தினார். முதல் சில்லைத் துடைத்தார். பையைச் சுற்றினார். சணல் கயிற்றால் கட்டினார். முடிச்சு திருப்தியாக இல்லை, அவிழ்த்தார். மறுபடி துடைத்தார். ஒன்பது ஐந்து. இரண்டாவது சில்லில் பை கிழிந்தது. இன்னொரு பை கேட்டார். ஒன்பது பதினைந்து. பின் சீட்டில் பட்டுச் சேலையும் முழு நகையுமாக உட்கார்ந்திருந்த சீதா கைக்கடிகாரத்தையும் கண்ணாடிக்கு வெளியே தெரிந்த அவருடைய முதுகையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"பையக் கட்டிக்கிட்டு எப்படி மாமா ஓட்டுவீங்க? உருண்டா கிழிஞ்சிடாதா?" என்று கேட்டாள்.

சேதுராமன் கையில் கயிற்றோடு நிமிர்ந்தார். உண்மையில் அதை அவர் யோசித்திருக்கவில்லை.

"அப்பவே சொன்னேன், பழத்தச் சில்லு மிதிக்கல" என்றார் பாலாம்பிகை, யாரிடமும் இல்லாமல்.

சீதா கதவைத் திறந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். பட்டுச் சேலை நனையுமே என்றுகூட அஞ்சாமல் அதை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தத் தேநீர்த் தண்ணீரில் இறங்கி நடந்தாள். நளீரின் அரிசி லொறி தண்ணீருக்கு நடுவில் நின்றது. "நானா, எங்கள மாத்தளைக்குக் கொண்டுபோய் விடுவீங்களா?" என்று நளீரை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள். நளீர் குடையை மடக்கிவிட்டு ஓடிப்போய் லொறியை எடுத்தார். தாயும் பின்னாலேயே நடந்து ஏறினார். பத்து ஐந்துக்கு மண்டபம் போய்ச் சேர்ந்தார்களாம். தாலி நேரத்துக்கு ஏறியது. மணமகள் சேலைக் கரையில் ஒரு விரற்கடை சேறு இருந்ததாகவும் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

கேள்விப்பட்டீரா, நீரும் கூடப் போகவில்லையா என்றுதானே கேட்கிறீர்கள்? தண்ணீரில் இறங்கினால் சப்பாத்து என்னாவது? நான் காரிலேயே இருந்தேன். மத்தியானம் தண்ணீர் வடிந்தது. வீதியெல்லாம் சேறாக இருந்ததால் சேதுராமன் காரைத் திருப்பிவிட்டார். கல்யாணச் சாப்பாட்டுக்குப் பதில் இருவரும் கட்டுகஸ்தோட்டையில் ரொட்டி சாப்பிட்டோம்.

ஆனால் பொலித்தீன் யோசனை அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் கழுவி, அவசரத்தில் காயவிடாமலே, நான்கு சில்லுகளையும் பைக்குள் போட்டு இறுகக் கட்டினார். "இனி எந்த மழையும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றார். இரண்டு வாரம் காரை எடுக்கவேயில்லை. பிறகு அவிழ்த்துப் பார்த்தால், உள்ளே அடைபட்ட ஈரம் புழுங்கி, நான்கு சில்லுகளிலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, தொட்ட இடமெல்லாம் சின்னச் சின்னக் குழி. மனுஷன் படியில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

மறுவீட்டுக்கு வந்திருந்த சீதா எட்டிப் பார்த்தாள். கேலி செய்வாள் என்று நினைத்தேன். குனிந்து அந்தக் குழிகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "விடுங்க மாமா. இனி மழையிலயும் ஓட்டலாம். பயப்பட ஒண்ணும் இல்ல" என்றாள்.

சேதுராமன் படியிலிருந்து எழுந்தார். பிறகு சாவியை எடுத்துவந்து, அவளையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஹந்தானை மலைப்பக்கம் போனார். சேற்றோடு திரும்பி வந்தார்கள். மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். அன்று அக்குறணையில் காப்பாற்றிய சப்பாத்தை நன்றாகத் துடைத்து, காகிதம் அடைத்து, பெட்டியில் வைத்து, அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்திருந்தேன். ஆறு வருடம் கழித்துப் போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு எடுத்தேன். மேல்பாகம் என் கையோடு வந்தது. அடிப்பாகம் பெட்டியிலேயே தங்கிவிட்டது.

நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடிந்ததும் எழுந்து, விருந்தினர் உட்காரவென்று வாங்கி, பொலித்தீன் உறை கழற்றாத உங்கள் கதிரையைத் தாண்டிப் போய், கண்ணாடி அலுமாரியில் இருக்கும் அந்தப் பூப்போட்ட கோப்பைகளைக் கொஞ்சம் பாருங்கள். அவற்றில் கடைசியாகத் தேநீர் குடித்தவர் யார்?